எவ்வளவு என்றொரு பெயர்

என் தாய்மாமா கம்பவுண்டராக இருந்தார். காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், டாக்டரின் அறைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு. அதில் கை நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஒரு துளை. துளைக்கு அந்தப் பக்கம் மாமா. பள்ளி விடுமுறையில் நான் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கென்று ஒரு வேலை உண்டு. வெள்ளைத்தாளைப் பட்டையாகக் கிழித்து, அடுக்கடுக்காக மடித்து, மடிப்பின் ஓரங்களைக் கத்தரிக்கோலால் சாய்வாக நறுக்கி விரித்தால், இரண்டு பக்கமும் பல் வைத்த ஒரு காகித ஏணி வரும். அதைக் கோந்து தடவி மிக்ஸ்சர் பாட்டிலின் மேல் ஒட்ட வேண்டும். ஒரு பல் ஒரு வேளை. காலையில் ஒரு பல் இறங்கும், ராத்திரி இன்னொரு பல் இறங்கும். பாட்டிலுக்குள் இருப்பது வழவழவென்று ஓடுகிற மருந்து. வெளியே ஒட்டியிருக்கும் தாளோ அதைப் படிப்படியாகத்தான் குடிக்க விடும்.

ஒருநாள் சீட்டின் கடைசி வரியில் இரண்டே எழுத்து இருந்தது: க்யூ.எஸ். “மாமா, இது எந்த மருந்து? அலமாரியில அந்தப் பேர்ல பாட்டிலே காணோமே” என்றேன்.

“அது மருந்தில்லடா. தேவையான மட்டும்னு அர்த்தம். மேல சொன்னதையெல்லாம் ஊத்திட்டு, மிச்சத்துக்குத் தண்ணி விட்டுக் கழுத்து வரைக்கும் நிரப்புங்கறார் டாக்டர்.”

கல்லூரியில் இயற்பியல் எடுத்த பிறகுதான் அந்த ‘க்யூ’ எதன் தலையெழுத்து என்று தெரிந்தது. குவாண்டம் சாட்டிஸ்: லத்தீனில் ‘போதுமான அளவு’. அணுவுக்குள் எலெக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுவதைப் படிக்கிற வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதியிருந்த குவாண்டமும், மாமா தண்ணீர் விட்டு நிரப்பிய குவாண்டமும் ஒரே சொல். அன்றிலிருந்து இந்தச் சொல்லின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

இலக்கணத்திலிருந்து தொடங்கினால்தான் இதன் அழகு பிடிபடும். குவாண்டம் அடிப்படையில் ஒரு வினாச்சொல். லத்தீனில் ‘எவ்வளவு?’ என்று கேட்க அதைத்தான் சொல்வார்கள். அதற்கு ஜோடியான விடைச்சொல் டாண்டம், ‘அவ்வளவு’. நம் எவ்வளவு, அவ்வளவு போலவே முதலெழுத்து மட்டும் மாறி நிற்கும் இரட்டையர். மளிகைக் கடையில் நாம் சொல்கிற குவாண்டிட்டியும் இந்தக் குடும்பம்தான். வினாவாகப் பிறந்தது காலப்போக்கில் பெயராகி, ‘இன்ன அளவு’, ‘ஒருவருக்கு உரிய பங்கு’ என்ற பொருளில் மருந்துச் சீட்டிலும் கணக்கேட்டிலும் வழக்குமன்றத்திலும் தங்கிவிட்டது. வழக்குமன்றத்தில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. சாலை விபத்தில் கால் முறிந்த உறவினர் ஒருவருக்காக நான் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றபோது வக்கீல் சொன்னார்: “லயபிலிட்டியில பிரச்சினை இல்லைங்க, அவங்க ஒத்துக்கிட்டாங்க. குவாண்டம்தான் பத்தல. அதுக்கு மட்டும் அப்பீல் போகலாம்.” இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்பதே அவருக்குக் குவாண்டம். அது லட்சத்தில் இருக்கலாம், கோடியிலும் இருக்கலாம். சின்னஞ்சிறியது என்ற சாயல் அந்தச் சொல்லில் எள்ளளவும் கிடையாது. வக்கீல் பேசியதுதான் சுத்தமான பழைய லத்தீன். இயற்பியல்காரர்களாகிய நாங்கள்தான் அதைத் திருப்பியவர்கள்.

எப்படித் திருப்பினார்கள் என்பதற்கு முன்னால் இன்னொரு பெயரைப் பார்த்துவிட வேண்டும். ஆற்றலைத் துண்டாக்கும் எண்ணம், பொருளைத் துண்டாக்கும் எண்ணத்தின் தோளில் ஏறி வந்தது. அந்த எண்ணத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் அதோமோஸ், ‘வெட்டப்படாதது’. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் லியூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் சொன்னது அது. அந்தப் பெயர் ஒரு தீர்ப்பு. இதற்குமேல் கத்தி இறங்காது என்று பெயரிலேயே முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பு பொருளுக்கு மட்டும் சொந்தமாகவும் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் கிரேக்க மூலத்தில் இதே சொல், மேலும் பகுக்க முடியாத ஒரு கணத்தைக் குறிக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் திருநாள்களைக் கணித்த துறவிகளின் கணக்கில் ஆட்டம் (அதே அதோமோஸ்தான்) என்பது கால அளவு: ஒரு மணி நேரத்துக்கு 22,560 ஆட்டம். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 0.16 நொடி வருகிறது. கிட்டத்தட்ட ஒரு கண்ணிமைப்பு. வேதியியல் கைக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது ஜான் டால்டனால். மான்செஸ்டரில் 1803 வாக்கில் அணு எடைகளைக் குறிக்கத் தொடங்கி, 1808இல் நூலாக வெளியிட்ட அவர், நீரின் மிகச் சிறிய கூறையும் ‘கூட்டு ஆட்டம்’ என்றே எழுதினார். வெட்ட முடியாதது ஒன்று, இரண்டாகச் சேர்ந்து உண்டானதாம்! பெயரின் தீர்ப்பு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. 1897இல் தாம்சன் கேம்பிரிட்ஜில் எலெக்ட்ரானை அடையாளம் கண்டார். 1911இல் ரதர்ஃபோர்டு அணுவின் நடுவே ஒரு கருவை வைத்தார். 1932இல் காக்ராஃப்டும் வால்ட்டனும் லித்தியத்தின் கருவைத் துகள் முடுக்கியால் உடைத்தார்கள். 1938 இறுதியில் பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் கண்ட விளைவு, கரு இரண்டாகப் பிளந்ததால் வந்தது என்று லீசா மைட்னரும் அவர் அக்கா மகன் ஃப்ரிஷும் விளக்கினார்கள். உயிரணு இரண்டாகப் பிரிவதை உங்கள் துறையில் என்னவென்று சொல்வீர்கள் என்று ஓர் உயிரியலாளரிடம் கேட்டு, அந்தப் பெயரையே ஃப்ரிஷ் எடுத்துக்கொண்டார். வெட்டப்படாதது பிளந்தது என்று கிரேக்கத்தில் சொன்னால் அது முரண். சொல் பொய்த்துப்போன பின்னும் பெயர் மட்டும் நின்றது.

தமிழில் அந்த முரண் இல்லை. அணுப்பிளவு என்று கூசாமல் சொல்கிறோம், காதுக்கு ஒன்றும் இடறவில்லை. காரணம், அணு என்பது தீர்ப்பாக வந்த சொல் இல்லை. வடமொழி வழியாக நம்மிடம் வந்த அந்தச் சொல்லின் முதற்பொருள் ‘நுண்ணியது’, அவ்வளவுதான். இனிப் பகுக்க இயலாத எல்லையைச் சொல்ல வேண்டுமென்றால் வைசேஷிகர்கள் முன்னால் ஒரு அடைமொழி சேர்த்துப் பரமாணு என்றார்கள். இரண்டு பரமாணு ஓர் இணை, மூன்று இணை சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் துகள். ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே விழும் வெயில் கற்றையில் மிதக்கிறதே, அந்தத் தூசி. பழைய தமிழ்க் கணக்கு நூல்களின் நீட்டலளவை வாய்பாட்டிலும் அணுதான் முதற்படி. எட்டு அணு சேர்ந்தால் கதிரெழு துகள். கம்பரோ அணுவையும் விடவில்லை. இரணியன் வதைப் படலத்தில் பிரகலாதன் வாய்வழியாக, அணுவை நூறு கூறிட்டால் வரும் ஒரு கூறுக்குக் கோண் என்று ஒரு பெயரே தருகிறார். இதை வைத்து நம் முன்னோருக்கு அணுப்பிளவு தெரியும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். கம்பர் சொன்னது இறைவன் இல்லாத இடமில்லை என்பதை. ஆனால் ஒன்று உண்மை: அணு என்றால் அதற்குமேல் கூறு இல்லை என்று தமிழ் ஒருபோதும் சத்தியம் செய்யவில்லை. அதனால்தான் 1932க்குப் பிறகும் நம் சொல் திருத்தம் வேண்டாமல் நிற்கிறது.

இந்தச் சொல்லுக்குப் பிறந்த ஒரு பிள்ளையையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சைவ சித்தாந்தத்தில் அணு என்றால் உயிர். எங்கும் நிறையத்தக்க உயிரை மறைத்துச் சுருக்கி அணுத்தன்மைப்படுத்துகிற மலத்துக்கு ஆணவம் என்று பெயர். பெருமையில் வீங்கி நிற்பவனைப் பார்த்து ‘ஆணவம் பிடித்தவன்’ என்று தெருவில் திட்டும்போது, சொல்லின் வேர்ப்படி நாம் சொல்வது: இவன் சிறுத்துப்போனவன்.

ஆக, ஒரு பெயர் தீர்ப்பு. ஒரு பெயர் அடைமொழி. மூன்றாவது பெயர் கேள்வி. தீர்ப்பு பொய்த்தது, அடைமொழி தப்பித்தது. கேள்விக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் குவாண்டம் சாதாரணமான வீட்டுச் சொல். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று படியளக்கிற எதற்கும் அதைச் சொல்வார்கள். அதை இயற்பியலுக்குள் இழுத்து வந்தவர்களில் இருவர் மருத்துவம் படித்தவர்கள் என்பது, கம்பவுண்டர் வீட்டுப் பிள்ளையான எனக்கு இனிக்கிறது. ஹைல்பிரான் ஊர்க்காரரான ராபர்ட் மேயர் 1840இல் டச்சுக் கப்பல் ஒன்றில் வைத்தியராக ஜாவாவுக்குப் போனார். அங்கே கப்பலாட்களுக்குச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்தபோது, அது கருக்காமல் செக்கச்செவேலென்று இருந்ததைப் பார்த்துத் திகைத்தார். வெப்ப நாட்டில் உடம்பு சூடு காக்கச் செலவிடும் எரிபொருள் குறைவு என்று யோசிக்கத் தொடங்கி, ஆற்றல் அழியாது, அதன் அளவு மாறாது என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். ‘அதன் அளவு’ என்று சொல்ல அவருக்குக் கிடைத்த சொல் குவாண்டம். ராணுவ மருத்துவராக வாழ்வைத் தொடங்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸும் இதே சொல்லைக் கையாண்டார். அவர் 1881இல் லண்டனில் ஃபாரடே நினைவுரை ஆற்றியபோது, பொருளுக்கு அணு உண்டென்றால் மின்சாரத்துக்கும் அணு உண்டென்றே கொள்ள வேண்டும் என்றார். அளவைக் குறித்த சொல்லின் பக்கத்தில் அணு வந்து உட்கார்ந்த இடம் இது. ‘எவ்வளவு?’ என்ற கேள்விக்கு மின்சாரத்தின் விஷயத்தில் ‘குறைந்தது இவ்வளவு’ என்று ஒரு விடை எட்டிப்பார்க்கத் தொடங்கியது.

இனி மாக்ஸ் பிளாங்க். குவாண்டத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்லும். பெயரின் வரலாற்றில் அவர் பங்கு கொஞ்சம் வேறு மாதிரியானது, இந்தக் கட்டுரையில் நான் நின்று பார்க்க விரும்பும் இடமும் அதுதான்.

பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில் 1887இல் அரசு அளவியல் நிறுவனம் ஒன்று தொடங்கியது. மின்விளக்குத் தொழில் வளர்ந்துகொண்டிருந்த காலம்; வெளிச்சத்தை அளக்க நம்பகமான ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அங்கே லும்மர், பிரிங்ஸ்ஹைம், குர்ல்பாம், ரூபன்ஸ் ஆகியோர் உள்ளீடற்ற ஓர் அடைப்பைச் சூடாக்கி, அதில் வைத்த சிறு துளை வழியே வரும் கதிரைப் பிரித்து அளந்தார்கள். இரும்பைக் காய்ச்சினால் முதலில் கருஞ்சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு வெண்மை என்று நிறம் மாறுவதைக் கொல்லன் பட்டறையில் யாரும் பார்க்கலாம். இவர்கள் கேட்டது அதன் கணக்கை: இந்தச் சூட்டில், இந்த நிறத்தில், ஆற்றல் எவ்வளவு? லத்தீனில் கேட்டால், குவாண்டம்?

1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ரூபன்ஸ் மனைவியுடன் பிளாங்கின் வீட்டுக்கு வந்தவர், நீண்ட அலைகளில் தாங்கள் எடுத்த புதிய அளவுகள் அதுவரை நம்பியிருந்த சூத்திரத்துக்கு ஒத்துவரவில்லை என்றார். அன்று மாலையே பிளாங்க் புதிய சூத்திரம் ஒன்றை எழுதிவிட்டார். அக்டோபர் 19இல் அதை ஜெர்மன் இயற்பியல் கழகத்தில் சொன்னார். விடை சரியாக வந்துவிட்டது, வழி தெரியவில்லை. கணக்குப் பரீட்சையில் சில பிள்ளைகளுக்கு நேர்கிற தவிப்பு. இரண்டு மாதம் போராடி, டிசம்பர் 14இல் வழியையும் சொன்னார். அடைப்புச் சுவரிலுள்ள அதிர்விகள் ஆற்றலை நினைத்த அளவுக்கெல்லாம் வைத்திருக்க முடியாது. அதிர்வெண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி வரும் அளவு ஒரு படி. ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுப் படிகளாகத்தான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாறிலிக்கு அவர் கணித்த மதிப்பு 6.55 × 10⁻²⁷ எர்க்-நொடி. இன்றைய மதிப்பு 6.626. இப்படித் துண்டாக்கியதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில், வேறு வழியில்லாமல் செய்த காரியம் என்று அவர் எழுதினார்.

அந்தத் துண்டுக்கு அன்று அவர் என்ன பெயர் வைத்தார்? குவாண்டம் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். அவர் எழுதியது எனெர்கீஎலெமென்ட், ‘ஆற்றல் கூறு’ என்பது போல. குவாண்டம் என்ற சொல் அவர் பேனாவுக்குத் தெரியாமல் இல்லை. 1901இல் அவர் வெளியிட்ட இன்னொரு கட்டுரையின் தலைப்பிலேயே அது இருக்கிறது: பொருளின், மின்சாரத்தின் அடிப்படைக் குவாண்டங்கள் குறித்து. ஹெல்ம்ஹோல்ட்ஸ் விட்டுப்போன பொருளில், மின்னூட்டத்தின் மிகச் சிறிய அளவுக்குத்தான் அந்தப் பெயர். வெப்பக் கதிரின் சூத்திரத்திலிருந்தே அந்த மின்னூட்டத்தை அவர் கணக்கிட்டும் காட்டினார்: பழைய அலகில் 4.69 × 10⁻¹⁰. இன்றைய மதிப்பு 4.80. சூடான ஒரு துளையின் வெளிச்சத்தைப் பார்த்து எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை நூற்றுக்கு இரண்டரைக்குள் சொல்லிவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

நான் கண்டுகொண்டது இதுதான். பொருளும் மின்சாரமும் உண்மையிலேயே எண்ணிக்கையாக இருப்பவை என்று பிளாங்க் ஏற்றுக்கொண்டார். அதனால் அவற்றுக்குக் குவாண்டம் என்றார். ஆற்றலின் துண்டு கணக்குக்காகப் போட்ட கோடு. அதற்கு அந்தப் பெயரைத் தர அவர் கை எழவில்லை. என் காகித ஏணி போல என்று நினைத்துக்கொள்கிறேன். பல் தாளில் இருக்கிறது. மருந்து என்னவோ முழுக்க ஒரே ஓட்டம்தான்.

மருந்தே பல் பல்லாக இருக்கிறது என்று சொல்ல 26 வயது இளைஞர் ஒருவர் வேண்டியிருந்தது. பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப வல்லுநராக இருந்த ஐன்ஸ்டைன் 1905 மார்ச்சில் முடித்த கட்டுரையில், ஒளியே துண்டு துண்டாகப் பயணம் செய்கிறது என்று எழுதினார். அந்தத் துண்டுகளுக்குத் தயக்கமில்லாமல் பெயரும் வைத்தார்: எனெர்கீகுவாண்டென், லிக்ட்குவாண்டென். ஆற்றல் குவாண்டம், ஒளிக் குவாண்டம். மின்னூட்டத்துக்கு இருந்த மரியாதையை ஒளிக்கும் கொடுத்துவிட்டார். ‘எவ்வளவு?’ என்ற கேள்வி ‘இவ்வளவு’ என்ற பொருளாகக் கெட்டிப்பட்டது அந்தப் பக்கங்களில்தான்.

அது எப்படிப்பட்ட துணிச்சல் என்பதற்கு ஒரு சான்று போதும். 1913இல் பிரஷ்ய அறிவியல் கழகத்துக்கு ஐன்ஸ்டைனைப் பரிந்துரைத்தவர்களில் பிளாங்கும் ஒருவர். அந்தப் பரிந்துரையிலேயே, ஒளிக் குவாண்டம் போன்ற விஷயங்களில் இவர் சில சமயம் இலக்கைத் தாண்டிப் போயிருக்கலாம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற தொனியில் ஒரு சமாதானம் இருக்கிறது. ராபர்ட் மில்லிகன் அந்தக் கருத்து பொய் என்று நினைத்துக்கொண்டே பத்தாண்டு சோதித்து, 1916இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடு துளி பிசகாமல் பொருந்துகிறது என்று வெளியிட்டார். 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டைனே ஜெர்மனில் மொழிபெயர்த்து அச்சேற்றினார். அதன் தலைப்பிலும் ஒளிக் குவாண்டம் உண்டு.

நம் வீட்டு அடுப்படியிலேயே ஒளிக் குவாண்டத்தைப் பார்க்கலாம். கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட உலைநீர் பொங்கி வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் அணு சூட்டில் ஒரு படி ஏறி, இறங்கும்போது விடுகிற வெளிச்சம் அது. அலைநீளம் 589 நானோமீட்டர். ஒவ்வோர் இறக்கத்துக்கும் 3.4 × 10⁻¹⁹ ஜூல் கொண்ட ஒரே ஒரு குவாண்டம். ஒரு வாட் அளவுக்கு இந்த மஞ்சள் ஒளி வேண்டுமென்றால் நொடிக்கு 3-க்குப் பின்னால் 18 சுழி போட்ட எண்ணிக்கையில் அவை கிளம்ப வேண்டும். உலையை மூடியிருந்த தட்டை அவசரமாக எடுக்கிற அந்த ஒரு கணத்தில் நாம் பார்ப்பது, எண்ணி மாளாத இறக்கங்களை.

ஒளிக் குவாண்டத்துக்கு இன்று வழங்கும் பெயர் ஃபோட்டான். அதை 1926 டிசம்பரில் புகழ்பெறச் செய்த வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் மனத்தில் வைத்திருந்தது வேறொன்று: ஆக்கவோ அழிக்கவோ முடியாத ஓர் ஒளியணு. அந்தக் கருத்து சீக்கிரமே கைவிடப்பட்டது. பெயர் மட்டும் ஐன்ஸ்டைனின் துண்டுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. காலியான வீட்டுக்குள் வேறொரு குடும்பம் குடியேறிய கதை.

ஜெர்மன் மொழி மட்டும் பழைய குடித்தனத்தையும் புதியதையும் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே கடையிலும் வீட்டிலும் அளவைச் சொல்ல இன்றும் குவாண்டம். இயற்பியல் துண்டுக்குக் குவாண்ட் என்று நறுக்கிய ஒருமை. ஆங்கிலம் அப்படிப் பிரிக்கவில்லை. வக்கீலின் சொல்லும் வாத்தியாரின் சொல்லும் ஒன்றாகவே அதிலிருந்து நம்மிடம் வந்தன. வியாபார மேடைகளில் மாபெரும் முன்னேற்றத்தைக் குவாண்டம் தாவல் என்கிறார்கள். அணுவுக்குள் நடக்கும் குவாண்டம் தாவலோ மிகமிகச் சிறியது. இந்தத் தலைகீழ் வழக்கு தமிழுக்குள்ளும் நுழைவது எனக்குச் சம்மதமில்லை.

தாவல் என்ற பேச்சு நீல்ஸ் போரிடமிருந்து. 1913இல் கோபன்ஹேகன் இளைஞரான அவர், பிளாங்கின் மாறிலியை ரதர்ஃபோர்டின் அணுவுக்குள் கொண்டுபோனார். ஹைட்ரஜனின் ஒளியில் 656, 486, 434, 410 நானோமீட்டர் என்று நான்கு கோடுகள் கண்ணுக்குத் தெரியும். பாசல் நகரப் பெண்கள் பள்ளி ஆசிரியர் பால்மர் 1885இலேயே அவற்றை ஓர் எளிய சூத்திரத்தில் அடக்கியிருந்தார். ஏன் அப்படி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. எலெக்ட்ரானுக்கு ஏணியின் படிகளில்தான் இடம், நடுவே நிற்க இடமில்லை என்றார் போர். மேற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது அந்த நான்கு நிறம். படிகளை எண்ணப் பிறந்தவையே குவாண்டம் எண்கள். பிளாங்க் கற்பனை செய்த அதிர்விகளின் படிகள் நான் வெட்டிய காகிதப் பற்கள் போலச் சம இடைவெளி கொண்டவை. ஹைட்ரஜனின் ஏணியில் மேலே போகப் போகப் படிகள் நெருங்கிக்கொண்டே போகும். அப்படியொரு தாளை நான் வெட்டியிருந்தால் மாமா காதைத் திருகியிருப்பார்.

குவாண்டம் எண் என்று தமிழ்நாட்டுப் பாடநூல் சொல்கிறது. நானும் அப்படித்தான் படித்தேன், மாறாத பெயர் என்றே நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த நண்பர் ஒருவரின் வேதியியல் கொப்பியை ஒருநாள் புரட்டியபோது ‘முதன்மைச் சக்திச் சொட்டெண்’ என்று கண்ணில் பட்டது. இரண்டு முறை வாசித்தேன்.

“இதென்ன, சொட்டெண்?”

“நீங்கள் குவாண்டம் எண்டு சொல்லுறியள். நாங்கள் சொட்டு எண்டுதான் படிச்சனாங்கள்” என்றார் அவர், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது போல.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். தமிழ்நாட்டில் சிலர் துளிமம் என்று எழுதுகிறார்கள், நல்ல ஆக்கம்தான். இருந்தாலும் சொட்டு ஒரு படி மேல் என்பேன். துளி வானத்திலிருந்தும் விழும், புல்நுனியில் சும்மா உட்கார்ந்தும் இருக்கும். சொட்டுவது ஒரு செயல். ஒன்று விழுந்து, இடைவெளி விட்டு, அடுத்தது விழ வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம், போலியோ சொட்டு மருந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலம் என்று எங்கே வந்தாலும் அதனோடு ஓர் எண்ணிக்கை வருகிறது. ‘எவ்வளவு?’ என்று லத்தீன் கேட்டதற்கு, ‘இத்தனை’ என்று தமிழ் பதில் சொல்கிறது. அளவை எண்ணிக்கையாக்கியதுதானே 1900க்குப் பிந்தைய இயற்பியல் செய்த காரியம்.

உவமையில் ஒரு குறை இருப்பதும் தெரியும். தண்ணீர்ச் சொட்டைத் தட்டினால் சிறு சொட்டுகளாகச் சிதறும். ஒளிச் சொட்டை அப்படி அரைச் சிவப்பு, கால் சிவப்பு என்று சிதறடிக்க முடியாது. ஆனால் இன்னொரு விதத்தில் உவமை நினைத்ததைவிடப் பொருந்துகிறது. ஒரு குழாயில் ஒரே அளவுச் சொட்டு, வாய் அகன்ற குழாயில் பெரிய சொட்டு. ஒளியிலும் நிறத்துக்கு நிறம் சொட்டின் அளவு வேறு; ஊதாச் சொட்டு சிவப்புச் சொட்டைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. உலோகத்திலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்க்க ஊதாச் சொட்டு ஒன்று போதும் என்கிற இடத்தில், சிவப்புச் சொட்டுகளை மழையாகக் கொட்டினாலும் பெயராமல் இருப்பது அதனால்தான். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். மின்சாரத்தின் குவாண்டத்தை நேரில் அளந்தது ஒரு சொட்டுதான். 1909 முதல் சிகாகோவில் மில்லிகன், இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்ச் சொட்டு ஒன்றை மின்புலத்தால் அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, நுண்நோக்கி வழியே அது ஏறுவதையும் இறங்குவதையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டின் மின்னூட்டம் எப்போது மாறினாலும் ஒரே அளவின் முழு மடங்காகவே மாறியது. 1913இல் அவர் வெளியிட்ட மதிப்பு, அதே பழைய அலகில், 4.774 × 10⁻¹⁰. பிளாங்க் வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்ன குவாண்டம் எண்ணெய்ச் சொட்டில் கண்ணெதிரே வந்து நின்றது.

நண்பரின் கொப்பியை மூடியபோது எனக்கு மாமாவின் அறை நினைவுக்கு வந்தது. டாக்டரின் சீட்டில் க்யூ.எஸ். போலவே அடிக்கடி வருகிற இன்னொரு குறி உண்டு: ஜி.டி.டி. அது குட்டா என்ற லத்தீனின் சுருக்கம். குட்டா என்றால் சொட்டு. குவாண்டமும் சொட்டும் ஒரே துண்டுச் சீட்டில் மேலும் கீழுமாக இருந்திருக்கின்றன, நான்தான் கவனிக்கவில்லை. அந்தக் குறி வந்துவிட்டால் மாமா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழலை எடுப்பார். நெல் அளக்கிறவர்கள் போல ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு. ஒன்பது வந்ததும் விரலின் அழுத்தம் குறையும். குழல் நுனியில் பத்தாவது மெல்லத் திரண்டு, கனத்து, தொங்கும். அது விழும்வரை மரத்துளைக்கு வெளியே நிற்பவர்கூட இருமலை அடக்கிக்கொள்வார். அத்தனை விடுமுறைகளில் அத்தனை சீட்டுகள் பார்த்திருக்கிறேன். அரைச் சொட்டு என்று எழுதியதாக ஒன்றுகூட நினைவில் இல்லை.